பூவரசு மரத்தடியில் நின்றவன்

இது நடந்தது. எங்கள் குடும்பத்துக்குக் கௌரவம் சேர்க்கிற விஷயம் அல்ல. அதனாலேயே இத்தனை காலம் வெளியே சொல்லாமல் வைத்திருந்தோம். இட்டுக்கட்டுவதாக இருந்தால் எங்களுக்கு நல்ல பேர் வருகிற மாதிரி அல்லவா கட்டியிருப்போம்? நாளும் நேரமும் கடிதங்களில் இருக்கின்றன. கடிதங்கள் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. நம்ப விருப்பமில்லாதவர்கள் சாரல் விழுகிற ஒரு சனிக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு, வீட்டில் ஒற்றையாக உட்கார்ந்து படித்துப் பார்க்கட்டும்.

1965-ஆம் வருடம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் மேலகரம். அங்கே நிலவரியும் பிறப்பு இறப்புக் கணக்கும் பார்க்கிற கிராம முன்சீப்பாக இருந்தவர் என் தாய்மாமா சங்கரநாராயணன். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய சட்டை, மடிப்புக் கலையாத துண்டு. குனிந்து யாரும் பார்த்ததில்லை. கோவிலில்கூட நிமிர்ந்தபடியே கும்பிடுவார் என்று ஊரில் சொல்வார்கள். சொன்ன வாக்கு மாறாத ஆள் என்றும் சொல்வார்கள்.

அந்த வாக்கை ஒரே ஒரு தடவை மாற வைத்தவன் அவருடைய தம்பி குற்றாலலிங்கம். அவரைவிடப் பதினெட்டு வயது இளையவன். அவனுக்கு இரண்டு வயதிலேயே தாய் போய்விட்டாள். முன்சீப்பின் மனைவி செண்பகவல்லிதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அவர்களுக்கு வேறு பிள்ளை கிடையாது. 1957-இல் அவனுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்து, பந்தல்கால் நட்டு, ஊரெல்லாம் அழைத்தாயிற்று. மூன்றாம் நாள் பையனைக் காணவில்லை. கப்பலேறிச் சிங்கப்பூர் போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது. முன்சீப் பெண் வீட்டு வாசலில் போய், தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். ஒரு நாழிகை நேரம் நின்றார். அவரை உள்ளே கூப்பிட யாரும் வரவில்லை.

திரும்பி வந்து தம்பிக்கு ஒரே ஒரு கடிதம் எழுதினார். இரண்டு வரி. 'நீ என் வாசலை மிதிக்கக் கூடாது. நானாகக் கூப்பிட்டால் ஒழிய.'

அதற்கப்புறம் அவனிடமிருந்து வந்த கடிதம் ஒவ்வொன்றையும் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். எட்டு வருடம்.

அந்த வருடம் ஆனி மாதக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கடையநல்லூர் அப்துல் ஜப்பார் வந்தார். சிங்கப்பூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். குற்றாலலிங்கத்தோடு ஒரே மாடியில் குடியிருந்தவர். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். கையில் தந்தி இருந்தது.

"அண்ணாச்சி... குத்தாலிங்கம் போயிட்டான்."

முன்சீப் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எந்தக் குத்தாலிங்கம்?"

ஜப்பார் தந்தியை ரிஜிஸ்டர் பக்கத்தில் வைத்தார். "ஒங்க தம்பி, அண்ணாச்சி."

"எனக்குத் தம்பி கெடையாது. எட்டு வருசமாச்சு. ஊரு பூராத் தெரியும். கடையநல்லூருக்கு மட்டும் சேதி வரலையாக்கும்?"

"வெள்ளிக்கெழம மத்தியானம். அவன் வேல பாத்த கட்டடத்துல யாரோ ஒரு பையக் கொண்டாந்து மாடிப்படிக்குக் கீழ வச்சிட்டுப் போயிட்டானுவ. குண்டு. பக்கத்து நாட்டுப் பகையில அங்கன இப்பம் அப்படித்தான் நடக்குது. நாலு பேரு செத்துப் போனாவ. அந்தப் பகைக்கும் அவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, அண்ணாச்சி. யார் யாருன்னா..."

"எனக்கு எதுக்கு அது?"

ஜப்பார் நிறுத்திக்கொண்டார். எங்கள் பக்கத்தில் இறப்பு விசாரிக்கப் போவதைத் துட்டி கேட்பது என்போம். அந்த வீட்டில் யாரும் 'வாங்க' என்று சொல்ல மாட்டார்கள். போகிறவர்களும் 'போயிட்டு வாரோம்' என்று சொல்ல மாட்டார்கள். விசாரிக்க வந்த ஆண் இரண்டு கையையும் நீட்டுவார். வீட்டுக்காரர் அந்தக் கையைத் தொடுவார். தொட்டுவிட்டால், ஆமாம், எங்கள் வீட்டில் சாவு விழுந்தது என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

ஜப்பார் இரண்டு கையையும் நீட்டினார்.

முன்சீப் எழுந்து, தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சரி," என்றார் ஜப்பார். "நான் நீட்டுனது நீட்டுனதுதான். நீங்க வாங்கலைன்னா அது ஒங்க பாடு."

உள்ளே செண்பகவல்லி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சத்தம் போட்டு அழவில்லை. ஒரு சேலையை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"எங்க போறே?"

"இலத்தூருக்கு. எங்க அண்ணன் வீட்டுக்கு. நீங்க அழ வேண்டாம். இந்த வீட்டுல அழக்கூடாதுன்னா அங்கன போயி அழுதுக்கிடுதேன். பெறாட்டாலும் பிள்ள பிள்ளதான்."

"ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். ஒங்களுக்கு ஊரு இருக்கு. அவனுக்கு யாரு இருக்கா?"

போய்விட்டாள். முன்சீப் தடுக்கவில்லை.

துட்டி கேட்க ஊரில் ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? முன்சீப் வழக்கம்போல் சட்டை போட்டுக்கொண்டு, வழக்கம்போல் தீர்வைக்கு ஆள் அனுப்பிக்கொண்டு இருந்தார். வீட்டில் அவர் தானே சோறு பொங்கினார். முதல் நாள் மூன்று பேருக்குப் பொங்கிவிட்டார். மறுநாளும் அப்படியே. அளவு தெரியாததால் என்று நினைத்துக்கொண்டார்.

இனிதான் விஷயம்.

ஆடி மாதம். இரண்டாம் சனிக்கிழமை. தம்பி செத்துப் பதினாறாம் நாள். அவர் நாள் எண்ணவில்லை என்றுதான் பிறகும் சொன்னார். ஆனால் எத்தனையாம் நாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

காலையிலிருந்து சாரல். மலை முழுக்க மூடிக் கிடந்தது. நாலு மணிக்கே பொழுது சாய்ந்த மாதிரி இருட்டு. குற்றாலத்தில் சீசன் உச்சம். சாலையில் பஸ்களும் கார்களும் போய்க்கொண்டே இருந்தன. முன்சீப் பட்டாசலில், அதாவது தெருவாசலை ஒட்டிய முன்கூடத்தில், நாற்காலியில் உட்கார்ந்து பிறப்பு இறப்புக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தார். தெருக்கதவு திறந்திருந்தது. எதிரே சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பூவரசு மரம். மரத்துக்குப் பின்னால் முப்பிடாதியம்மாளின் சுக்குக்காப்பிக் கடை.

சுவர்க்கடிகாரத்தின் சத்தம் நின்ற மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. மணி நாலு ஐம்பது.

பார்வையை இறக்கினார். வாசலில் மூன்று பேர் நின்றார்கள். தாடி வைத்து முண்டாசு கட்டிய ஒரு கிழவர், பட்டாளத்துச் சிங்கு மாதிரி. கறுத்த, குட்டையான நடுவயது மனிதர் ஒருவர், தலையில் கறுப்புத் தொப்பி. ஒரு பெண். இருபது வயது இருக்கலாம். கவுன் போட்டிருந்தாள். சின்னக் கண்கள்.

சீசனுக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள், வழி தவறிவிட்டார்கள் என்று நினைத்தார். குற்றாலத்துக்கு எந்தெந்த ஊர்க்காரனோ வருகிறானே. "அருவிக்கு இன்னும் ரெண்டு மைல் போகணும்," என்று கையைக் காட்டினார்.

அவர்கள் கையைப் பார்க்கவில்லை. உள்ளே வந்தார்கள்.

யாரும் வணக்கம் சொல்லவில்லை. வந்தவர்கள் நேராகப் போய்த் தரையில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் இருவரும் சுவரோரமாக. அந்தப் பெண் உள்கதவுப் பக்கமாகப் போய், பெண்கள் உட்காருகிற இடத்தில், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த இடம் பெண்களின் இடம் என்று அவளுக்கு யார் சொன்னது?

துட்டி வீட்டில் உட்காருகிற உட்காரல் அது. அப்படி உட்கார்ந்தவர்களிடம் 'வாங்க' என்று சொல்லக் கூடாது. எதுவும் சொல்லக் கூடாது. வழக்கம் அது. ஐம்பத்தாறு வருடமாக ரத்தத்தில் ஊறிய வழக்கம். இது துட்டி வீடு இல்லை என்று ஊருக்கெல்லாம் காட்டிய மனிதர், தன்னை அறியாமல் வாயை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் கவனித்தார். மூன்று பேர் தோளிலும் தலையிலும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சுண்ணாம்புப் பொடி. இடிந்த சுவரின் பக்கத்தில் நின்றவர்கள் மாதிரி. வெளியே விடாத சாரல். அந்தப் பொடி ஒரு துளி நனையவில்லை.

பெண்ணின் ஒரு காலில் செருப்பு இருந்தது. மறுகாலில் இல்லை.

மணி நாலு ஐம்பத்தெட்டு.

கிழவர் இரண்டு கையையும் நீட்டினார்.

பக்கத்தில் இருந்தவரும் நீட்டினார்.

முன்சீப் தன் கைகளைப் பார்த்தார். அவை மடியில் இருந்தன. தூக்க முடியவில்லை. தூக்க மனமில்லையா, தூக்க முடியவில்லையா என்று கடைசிவரை அவரால் சொல்ல முடியவில்லை.

அவர்கள் காத்திருந்தார்கள்...

கை வலிக்காதா என்று நினைத்தார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். நீட்டிய கைகள் ஆடவே இல்லை.

பிறகு மூன்று தலைகளும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பின.

அவரும் பார்த்தார்.

பூவரசு மரத்தடியில் ஒரு ஆள் நின்றான். குடை இல்லை. வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தலை குனிந்திருந்தது.

"அங்கன நிக்கது யாரு?" என்று கேட்டார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாயையே பார்த்தார்கள். அவர் இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் என்பதுபோல.

வண்டிக்காரனாக இருக்கும், என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அவர் சொல்லவில்லை.

ஐந்து பன்னிரண்டு.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஐந்து இருபது.

ஈரம் இல்லை. மூச்சுச் சத்தம் இல்லை. கடிகாரம் மட்டும்...

டக்.

டக்.

ஐந்து முப்பத்திரண்டுக்கு எழுந்தார்கள். கைகளை மடக்கிக்கொண்டார்கள். யாரும் 'போயிட்டு வாரோம்' என்று சொல்லவில்லை. ஒருவர் பின் ஒருவராக வாசலைத் தாண்டினார்கள்.

அவர் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் சாலை காலியாக இருந்தது. மரத்தடியும் காலியாக இருந்தது.

திரும்பி உள்ளே பார்த்தார். சிவப்புச் சிமெண்டுத் தரையில் மூன்று இடங்களில் சுண்ணாம்புப் பொடி கிடந்தது. குனிந்து தொட்டார். உலர்ந்த பொடி. மேலே பார்த்தார். அது ஓட்டு வீடு. மேலே சுண்ணாம்பு கிடையாது.

முன்சீப் சாலையைக் கடந்து முப்பிடாதியம்மாளின் கடைக்குப் போனார். அதுவரை அந்தக் கடைக்கு அவர் போனதில்லை. அவள் அடுப்பை விட்டு எழுந்துவிட்டாள்.

"முப்பிடாதி, இப்பம் எங்க வீட்டுல இருந்து போன ஆளுவ எந்தப் பக்கமாப் போனாவ?"

"எந்த ஆளுவ அண்ணாச்சி?"

"மூணு பேரு. ஒரு பொம்பளப்பிள்ளகூட உண்டு."

"நாலு மணியில இருந்து நான் இங்கனதான் நிக்கேன். ஒங்க வீட்டுக்குள்ள ஒரு ஈ காக்கா நொழையல. நீங்க மட்டுந்தான் தரையில உக்காந்திருந்திய. என்ன, முன்சீப் அண்ணாச்சி நாற்காலிய விட்டு எறங்கிட்டாவளேன்னு நெனச்சேன்."

தான் தரையில் இறங்கி உட்கார்ந்தது அவருக்கு ஞாபகம் இல்லை.

"மரத்தடியில?"

"ஆமா, அங்கன ஒருத்தன் நின்னான். சுக்குக்காப்பி வேணுமான்னு சத்தங் குடுத்தேன். திரும்பவே இல்ல. மொகந் தெரியல. முதுகுதான் தெரிஞ்சிது. வாசலையே பாத்துக்கிட்டு நின்னான், பாவம்."

முன்சீப் மரத்தைப் பார்த்தார். மரம் அவர் வீட்டுக்கும் அவள் கடைக்கும் நடுவில் இருந்தது. வீட்டிலிருந்து அவர் பார்த்தது முதுகை. கடையிலிருந்து அவள் பார்த்ததும் முதுகைத்தான்.

அன்று ராத்திரி அவர் விளக்கை அணைக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. முன்சீப்புக்குப் பயம் பிடித்துவிட்டது என்று ஊர் சிரிப்பதற்கு இடம் கொடுக்க அவரால் முடியாது. இலத்தூருக்கு ஆள் அனுப்பவும் கௌரவம் விடவில்லை. ஒன்றரை மாதம் அந்த வீட்டில் ஒற்றை ஆளாக இருந்தார். அவருக்கு உதவிக்கு இருந்த தலையாரி வந்தால் வேலை முடிந்த பிறகும் ஏதாவது கேட்டு நிறுத்தி வைத்துக்கொள்வார். தலையாரி போன பிறகு, அந்தப் பட்டாசலில் சுவரோரமாக மட்டும் உட்கார மாட்டார்.

ஆவணி கடைசியில் கடிதம் வந்தது. சிங்கப்பூருக்குத் திரும்பியிருந்த ஜப்பார் எழுதியிருந்தார். இந்தக் கடிதத்தை முன்சீப் திருப்பி அனுப்பவில்லை. பிரித்தார்.

'அண்ணாச்சிக்கு அப்துல் ஜப்பார் எழுதுவது. நீங்கள் கேட்க விரும்பாத விஷயம்தான். ஆனால் ஒரு பெரியவர் என்னை விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். தம்பியோடு இறந்தவர்கள் மூன்று பேர். டிரைவர் ஹாஷிம், மலாய்க்காரர். காவல்காரர் கர்த்தார் சிங், பஞ்சாபி. டைப் அடிக்கிற பெண் சியூ லான், சீனப் பெண். நான் மூன்று வீட்டுக்கும் போய் வந்தேன். மூன்று வீட்டிலும் ஒரே விஷயம் சொல்கிறார்கள். நான் கேட்காமலே சொல்கிறார்கள்.

'பதினாறாம் நாள், சனிக்கிழமை. நாலரை மணிக்கு ஹாஷிமின் மனைவி வாசலில் அவரைப் பார்த்திருக்கிறார். கூட மூன்று பேர். உள்ளே வா என்று அழுதுகொண்டே கூப்பிட்டிருக்கிறார். நால்வரும் போய் உட்கார்ந்தார்களாம். ஐந்தேகாலுக்கு கர்த்தார் சிங்கின் வீடு. அவர் மகன் கூப்பிட்டிருக்கிறார். ஆறு மணிக்கு சியூ லானின் வீடு. அவள் தகப்பனார் லிம் கதவைத் திறந்து மகளைக் கூப்பிட்டிருக்கிறார். எந்த வீட்டிலும் அவர்கள் பேசவில்லை. உட்கார்ந்து, கையை நீட்டி, எழுந்து போயிருக்கிறார்கள்.

'ஆறு நாற்பதுக்குக் கிளம்பும்போது லிம் பெரியவர் மலாய் மொழியில் கேட்டாராம், மழையில் இனி எங்கே போகிறீர்கள் என்று. மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. தமிழர் மட்டும் சொன்னாராம். "அடுத்தது எங்கள் வீடு. அண்ணன் கூப்பிட்டால்தான் நான் உள்ளே போக முடியும். கூப்பிடுவார்."

'அன்றைக்கு உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தார்களா? கூப்பிட்டீர்களா? லிம் பெரியவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் ஒவ்வொரு வாரமும் என் கடைக்கு வந்து கேட்டுவிட்டுப் போகிறார்.'

அங்கே நம்மைவிட இரண்டு மணி நேரம் முன்னால். அவர்களுக்கு ஆறு நாற்பது என்றால் நமக்கு நாலு நாற்பது. மேலகரத்து வாசலில் அவர்கள் நின்றது நாலு ஐம்பதுக்கு. நடுவில் ஒரு கடல் இருக்கிறது. பத்து நிமிடம்.

முன்சீப் அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தார் என்று தெரியாது. மடிப்புகள் கிழிந்துபோய் இருக்கின்றன. மறுநாள் பதில் எழுதினார். அதன் நகலும் இருக்கிறது. சர்க்கார் ஆள், எதற்கும் நகல் வைத்துக்கொள்வார்.

'லிம் அவர்களுக்குச் சொல்லவும். மூன்று பேர் வந்தார்கள். உங்கள் மகளும் வந்தாள். என் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் நேரவில்லை. நான்காவது ஆளை நான் கூப்பிடவில்லை. அவன் வெளியே நின்றுவிட்டுப் போய்விட்டான். தவறு என்னுடையது. அவன் மறுபடி உங்கள் வீட்டுக்கு எப்போதாவது வந்தால், தயவுசெய்து அவனிடம் சொல்லவும். அண்ணன் கூப்பிடுகிறான்.'

அதற்கப்புறம் தெருக்கதவை அவர் சாத்தவில்லை. பகலிலும் சாத்தவில்லை, ராத்திரியிலும் சாத்தவில்லை. சனிக்கிழமை நாலரை மணிக்கு வாசலில் வந்து நிற்பார். முப்பிடாதியம்மாள் கடையிலிருந்து பார்ப்பாள். இரண்டு சனிக்கிழமை போயிற்று. மரத்தடியில் ஆடுகள்தான் நின்றன.

புரட்டாசி பிறந்தது. மகாளய அமாவாசை. முன்சீப் முந்தின நாளே முடிவு செய்துவிட்டார்; நாலு மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கும் போட்டார். தம்பிக்கு எள்ளும் தண்ணீரும் விடாமல் இருந்தது பெரிய பிழை. வளர்த்தவளும் கூட இருக்க வேண்டும். விடியற்காலையில் இலத்தூருக்குப் போனார். மைத்துனர் வீட்டு வாசலில், எட்டு வருடத்துக்கு முன்னால் நின்ற மாதிரியே, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். செண்பகவல்லி வெளியே வந்து பார்த்தாள்.

"என்ன இது, துண்டக் கையில வச்சிக்கிட்டு?"

"வீட்டுக்கு வா. அவனக் கூப்பிடணும்."

அவள் உள்ளே போனாள். அதே மஞ்சள் பையோடு கிளம்பினாள்.

வழியிலேயே எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். குற்றாலத்துக்கு வந்து அருவியில் குளித்துக் கரையில் உட்கார்ந்தார்கள். ஐயர் பெயர் கேட்டார்.

"குற்றாலலிங்கம்," என்றார் முன்சீப். "அப்புறம் ஹாஷிம். கர்த்தார் சிங். சியூ லான்."

ஐயர் தர்ப்பையைக் கீழே வைத்துவிட்டார். "இவாள்லாம் யார்? கோத்திரம் வேண்டாமோ?"

"எங்க வீட்டுக்குத் துட்டி கேக்க வந்தவங்க. எள்ளும் தண்ணியும் நான் விடுதேன். நீர் பேர மட்டும் சொல்லும்."

முன்சீப்பின் முகத்தைப் பார்த்துவிட்டு ஐயர் சொன்னார். சியூ லான் என்கிற பேர் அவர் வாயில் நுழையவில்லை. செண்பகவல்லிதான் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு தடவை, மெதுவாக. அவளும் அதற்கு முன் கேட்டறியாத பேர்தான்.

எல்லாம் முடிந்து, கோவிலுக்கும் போய்விட்டு வெளியே வரும்போது மழை பிடித்துக்கொண்டது. அமாவாசைக் கூட்டம். வந்த பஸ் எல்லாம் நிறைந்து வந்தது. மண்டபத்தில் ஒதுங்கி நின்றார்கள்.

"வீட்டத் தொறந்து போட்டுட்டா வந்திய?" என்று கேட்டாள்.

"பூட்டிட்டுத்தான் வந்தேன். சர்க்கார் ரிஜிஸ்டர் கெடக்குல்லா."

வீடு வந்து சேரும்போது ஆறு பத்து. முன்சீப் பூட்டைத் திறந்தார். செண்பகவல்லி விளக்கேற்றினாள். இரண்டரை மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் தூங்கினார்.

பத்து நாள் கழித்து ஜப்பாரிடமிருந்து அடுத்த கடிதம் வந்தது. அது சின்னக் கடிதம்.

'அண்ணாச்சி, உங்கள் கடிதத்தை லிம் பெரியவருக்கு மலாயில் சொன்னேன். அவர் அழுதுவிட்டார். இதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றை அப்போதுதான் சொன்னார். மற்ற மூன்று பேரும் பதினாறாம் நாளோடு சரி. பிறகு யாரும் எந்த வீட்டுக்கும் வரவில்லை. அவருடைய மகள்கூட வரவில்லை. தமிழர் மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆறு மணிக்கு அவர் வீட்டுக்கு வந்து, கதவோரமாக உட்கார்ந்திருக்கிறாராம். போக வேறு இடம் இல்லாதவர் மாதிரி. அவருக்கும் மகள் இல்லாத வீடு. அதனால் உட்காரட்டும் என்று விட்டுவிட்டாராம்.

'சென்ற 25-ஆம் தேதி, சனிக்கிழமை, வந்தவரிடம் நீங்கள் எழுதியதைச் சொல்லிவிட்டார். "உன் அண்ணன் கூப்பிடுகிறார்." கேட்டவுடன் எழுந்துவிட்டாராம். முகத்தை அப்போதுதான் முழுசாகப் பார்த்தாராம். நேரம் ஆறு நாற்பது. அதற்கப்புறம் அவர் இங்கே வரவில்லை. லிம் பெரியவர் கேட்கிறார், வீட்டுக்கு வந்து சேர்ந்தாரா என்று.'

முன்சீப் காலண்டரைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. செப்டம்பர் 25-ஆம் தேதிதான் மகாளய அமாவாசை.

நாலு ஐம்பதுக்கு அவர்கள் குற்றாலத்து மண்டபத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள்.

வீடு பூட்டிக் கிடந்தது.

அதற்கப்புறம் பதினோரு வருடம் என் தாய்மாமா உயிரோடு இருந்தார். வீட்டுக்குப் பூட்டே வைத்துக்கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமைகூட வெளியூர் போகவில்லை. லிம் பெரியவரும் அங்கே, தான் சாகும்வரை, சனிக்கிழமை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

இரண்டு வீட்டுக்கும் அவன் வரவில்லை.